அந்த ஒரு வரி

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் ஏதோ இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? இதை ஃபோனில் சொன்னால், தன்னைப் பற்றித்தான் என்று பாப்பா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

காது கேளாத நம் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகள். கீழே இயந்திரம் நாள் முழுக்கக் கடகடக்கும். நம் பதினான்கு பிள்ளைகளுக்கு அதனால் என்ன தொந்தரவு? காது கேளாத தையல்காரர் ஒருவர் வந்து சைகை சொல்லித் தந்தார். இரண்டே மாதத்தில் அதுகள் கையால் அடித்த அரட்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அனுமதிக்காகப் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வரும்போது பாப்பா வாய் திறந்து பேச வேண்டும், கையை ஆட்டினால் நமக்குத்தான் அவமானம் என்று எழுதினீர்கள். நானும் தலையாட்டினேன். "வணக்கம் ஐயா, எங்கள் பள்ளிக்கு வாருங்கள்." இந்த ஒரு வரிக்கு ஆறு வாரம். அவள் கையை என் தொண்டையில் வைத்து, என் கையை அவள் தொண்டையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். சைகை செய்தால் விரலில் அடித்தேன். ஆமாம், அடித்தேன். தையல்காரர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். நான் கேட்கவில்லை.

பாப்பா கொஞ்சம் மூக்கால் பேசினாலும் தெளிவாகவே சொன்னாள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பொண்ணு நல்லாத்தானே பேசுது, இதுக்கு எதுக்குங்க தனிப் பள்ளிக்கூடம், பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே சேர்த்துடுங்க என்றார். ஐயா, அவளுக்குப் பேச வர்றதே அந்த ஒரு வரிதான் என்று படியிறங்கிப் பின்னாலேயே ஓடினேன். காதால கேட்டதைத்தாம்மா நான் எழுத முடியும் என்று வண்டியில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். வந்தால் பிள்ளைகள் கையால்தான் பேசுவார்கள். இதில் இனி உங்கள் யோசனை வேண்டாம்.

பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது. அப்பாவுக்கு என்ன பெயர் என்று பாப்பாவைக் கேட்டேன். விரலால் தன் உதட்டில் தட்டித் தட்டிக் காட்டினாள். ஃபோனில் முகம் தெரிந்ததுமே பேசு, பேசு என்று நீங்கள் செய்வீர்களே, அதுதான்.

விடுமுறைக்கு வரும்போது அவளுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். கொஞ்ச நாள் அவள் எதிரில் சும்மா உட்கார்ந்திருங்கள். வேறு பெயர் வைத்தாலும் வைப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா