ஓடிப்போகலடா

கண்ணு,

நலமா என்று கேட்டால் நீ 'ம்' என்றுதான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை. காலையிலிருந்து உட்கார முடியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் பள்ளி நூலகத்தில் புதன்கிழமைதோறும் புத்தக வட்டம் நடத்துகிறேன். படிப்பை விட்டுவிடுவார்களோ என்று தலைமையாசிரியை பயப்படும் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருத்திக்கு 'வாயாடி' என்று பெயர். ஒரு மாதமாக அவள் வாயே திறக்கவில்லை.

நேற்றுப் படித்த கதையில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள்.

"திமிரு. ஓடிப்போயிட்டா" என்றான் ஒருவன்.

வாயாடி சட்டென்று நிமிர்ந்தாள். "ஓடிப்போகலடா. அவ சொன்னத யாரும் காதுல வாங்கல. அதான் போனா."

அவள் காலடியில் பாதி திறந்த பை புடைத்துக்கொண்டு இருந்தது. உள்ளே புத்தகம் இல்லை, மடித்த துணிகள். நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று உன்னிடம் செய்தது போலவே, பையைப் பிடுங்கத்தான் கை போனது. பிடுங்கவில்லை. எல்லோரும் போன பிறகு, "அவ என்னம்மா சொல்ல வந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

முதலில் கதையைச் சொன்னாள். பிறகு, வீட்டில் வந்து தங்கியிருக்கும் உறவுக்காரரைப் பற்றிச் சொன்னாள். நான் பள்ளி ஆலோசகரை அழைத்தேன். இப்போது அவள் பெரியம்மா வீட்டில் பத்திரமாக இருக்கிறாள்.

அப்புறம், உன் மாமாவிடம் இனி நம் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன். கூடப்பிறந்தவன்தான். ஆனால் ஏன் என்று அவன் கேட்கவே இல்லை.

ஃபோன் செய், கண்ணு. அன்று பாதியில் நிறுத்தினாயே, அதிலிருந்து சொல். குறுக்கே பேசமாட்டேன்.

உன் அம்மா