எழில்மொழி எங்கள் தெருவில்தான் இருக்கிறாள்

அனுப்புநர்:
கோ. வேம்பு (வயது 49),
செயலாளர், கடலோசை மகளிர் சுய உதவிக் குழு,
எண் 27, மூன்றாவது தெரு,
சின்னமேட்டுக் குப்பம்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
சின்னமேட்டுக் குப்பம் காவல் நிலையம்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பொருள்: விமானிப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் செல்வி ஜெ. எழில்மொழியின் முகவரி விசாரணையில் பொய்த் தகவல் கொடுத்த என் மீது நானே அளிக்கும் புகார் – மறுவிசாரணை செய்து அறிக்கை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தண்ணீர் லாரி, தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு என்று எங்கள் தெருவுக்காகப் பதினோரு ஆண்டுகளாக நான்தான் மனு எழுதி வருகிறேன். என் மீதே புகார் எழுதுவது இதுவே முதல் முறை. கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2. எதிர்வீட்டு ஜெயவேல் விசைப்படகு டிரைவர். அவர் மனைவி பூவம்மா என்னோடு மீன் விற்பவர். இவர்களின் ஒரே மகள் எழில்மொழி, வயது 22. விமானக் கம்பெனிகள் புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, ஓட்ட ஆள் போதாமல் தேடுகின்றன என்று கல்லூரியில் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். விசைப்படகு வாங்கிவிட்டு டிரைவர் கிடைக்காமல் காசிமேட்டில் அலைபவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. பிளஸ் டூவில் அவள் படித்தது வணிகவியல். விமானிக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்றதும், துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டே அந்த இரண்டையும் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறினாள். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினாள். வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம் என்று வரிசையாகத் தாள்களை எழுதினாள். உதவித்தொகையோடு பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. கைகொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் தெருவே நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

3. கடந்த 06.11.2025 காலை பதினோரு மணியளவில் நான் வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கள் நிலையக் காவலர் திரு. திலீப் அவர்கள் சாதாரண உடையில் பைக்கில் வந்து, எழில்மொழி வீடு எது என்று கேட்டார். நீங்கள் யார் என்றேன். போலீஸ் என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வீட்டைக் காட்டியிருப்பேன்.

4. அதற்கு முந்தைய வாரம்தான் கன்டெய்னர் லாரி இடித்து எங்கள் தெரு ஆன்சியின் கால் ஒடிந்ததற்காகச் சாலை மறியல் செய்திருந்தோம். எழில்மொழி அன்று தேர்வுக்குப் போயிருந்தாள், அந்தப் பக்கமே வரவில்லை. முன்வரிசையில் நின்றவள் நான். மறியல் வழக்கில் யாரோ பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். தவிர, எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் யாரைத் தேடி வந்தாலும் அப்படி ஒருவர் அந்தத் தெருவில் பிறந்ததே இல்லை. நான் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அப்டி யாரும் இங்க இல்ல சார். ஜெயவேலு வூட்ட காலி பண்ணிக்கினு போயி ரெண்டு வருஷம் ஆவுது. எண்ணூராண்ட எங்கியோ கீறாங்களாம்." எண்ணூரைச் சேர்த்துச் சொன்னது என் வாய்க்கொழுப்பு. டீக்கடை விமல் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார், அவர் மீது நடவடிக்கை வேண்டாம். அந்நேரம் எழில்மொழி எதிர்வீட்டு மொட்டைமாடியில் படித்துக்கொண்டிருந்தாள்.

5. காவலர் வந்தது மாணவர் விமானி உரிமத்துக்கான சரிபார்ப்புக்கு என்று 19ஆம் தேதிதான் தெரிந்தது. "முகவரியில் வசிக்கவில்லை" என்று அறிக்கை போய், அவள் விண்ணப்பம் நின்றுவிட்டது. டிசம்பர் 15க்குள் அவள் பயிற்சியில் சேர வேண்டும். சேராவிட்டால் இடமும் உதவித்தொகையும் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். கேட்டதும் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டேன். அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை.

6. நானாக எதிர்வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். ஜெயவேல் எழுந்து வெளியே போய்விட்டார். அது நியாயம்தான். பூவம்மா அழுதுவிட்டு, "எம் பொண்ணுக்குக் காவலா நின்னுக்கினுதான இத்த சொன்ன, எனக்குத் தெரியாதா வேம்பு" என்றார். எழில்மொழியோ, "அத்த, மனுவ நீயே எழுது. நீ எழுதுனாதான் வேல ஆவும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் ஐயா. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

7. மறுநாள் பயந்துகொண்டே நிலையத்துக்கு வந்தேன். காவலர் திலீப் அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நடந்தத அப்டியே எழுதிக் குடுங்கம்மா, ஐயா பாத்துக்குவாரு" என்றார். இத்தனை ஆண்டுகளில் நான் காவல் நிலையத்தில் உட்கார்ந்தது அன்றுதான். விசாரணைக்கு வந்த அன்று அவர் கடமையைச் சரியாகவே செய்தார். பொய் முழுவதும் என்னுடையது. இதனால் அவருக்கு எந்தக் குறிப்பாணையும் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

8. பொய்த் தகவல் கொடுத்தது குற்றம் என்று அறிவேன். என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன், கூப்பிட்ட நாளில் வந்து நிற்கிறேன். ஆனால் அதற்கு முன்னதாக மறுவிசாரணை நடக்க வேண்டும். சீருடையிலோ சாதாரண உடையிலோ எந்த நேரத்தில் யாரை அனுப்பினாலும், இந்த முறை எங்கள் ஆட்கள் தெருமுனையிலிருந்தே கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விடுவார்கள். தெருவார் நாற்பத்தோரு பேரின் கையெழுத்தையும் கைநாட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன். முதல் கையெழுத்து ஜெயவேலுடையது.

எழில்மொழி இங்கேதான் இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் ஐயா. அவள் இங்கிருந்து கிளம்ப அந்த ஒரு வரிதான் பாக்கி.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 24.11.2025

என்றும் நன்றியுடன்,
கோ. வேம்பு