டாக்டரின் முதுகுக்குப் பின்னால்

வெங்கடேஸ்வரிக்கு,

நான் நலம். உன் அம்மா வீட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் எனக்கு நாக்கு குழறுகிறது. "இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் பேசுறீகளா?" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ போன பிறகு நான் குடிக்கவே இல்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

சாம்பியன் பெல்ட்டை நேற்று துடைத்து வைத்தேன். அதை ஜெயித்த குத்துச்சண்டைக்கு முந்தின நாள் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய சண்டையில் தலையில் பலமாக அடி வாங்கியிருந்ததால், டாக்டர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். பெயர், கிழமை, ஊர். எனக்குப் பெயர் மட்டும்தான் வந்தது. நீ அவர் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்தாய். வியாழன். சென்னை. அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஏழாவது ரவுண்டில் ஜெயித்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கும்தான் ஆசை.

போன வாரம் உன்னைப் பார்க்க பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் கிருஷ்ணன்கோவில் வரை போய்விட்டேன். தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள். பக்கத்து வீட்டு பால்ச்சாமி அண்ணாச்சி அங்கே வந்து என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். "வாங்க, ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்" என்று மறுநாள் இங்கே ராஜபாளையத்திலேயே ஒருவரிடம் கூட்டிப்போனார்.

அதே மூன்று கேள்வி. பெயரைச் சொன்னேன். கிழமைக்கு டாக்டரின் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது.

"இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?" என்றார்.

அதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், உன் அம்மா வீடு என்றேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்