‘போறேன்’ என்று சொல்லிவிட்டாள்

6-10, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. வாங்க வேண்டியது: சீரகம், துணி சோப்பு, தோசை மாவு.

பஸ்ஸில் சுற்றும் அந்த யூடியூப் பெண் வீடியோ போடுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போவாள், பக்கத்து சீட்டுக்காரர்களிடம் வம்பளப்பாள். அவ்வளவுதான் வீடியோ. மகன் கோவைக்குப் படிக்கப் போனதிலிருந்து நானும் சே.யும் டேப்லெட்டில் அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். (சே. என்றால் சேவியர், என் வீட்டுக்காரர். எழுதினால் சலித்துக்கொள்வதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.)

இன்று, "போதும்னு தோணுதுங்க. போறேன்" என்றாள். எப்போதும் "போயிட்டு வரேன்" என்பவள். சே. சாப்பாட்டிலிருந்து கையை எடுத்து, டேப்பைப் பார்த்து, "போறேன்னு சொல்லாதம்மா!" என்றார். சாப்பிடும்போது அவர் வாயைத் திறந்து எத்தனை நாளாயிற்று! அதுவும் என்னிடம் இல்லை.

7-10, செவ்வாய்
தேனாம்பேட்டை லேபில் செம கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்துக் கை வலி. கூட வேலை செய்யும் ஃபாத்திமா: "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" சொன்னேன். "அதுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கும். இல்லாங்காட்டி துபாய்ல வேலை. வேற இன்னா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஒருத்தி எப்படி விடுகிறாள்? என்ன நினைத்திருப்பாள்? கோபம். கொஞ்சம் பொறாமையும்.

இரவு வத்தக்குழம்பு, அப்பளம். டேப் போடவில்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச ஒன்றுமே மிச்சமில்லையோ என்றுதான் பயம்.

8-10, புதன்
நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ஏன் போனாள் என்று தெரிந்துவிடாதா என்று கமெண்ட்டுகளைத் துழாவினேன். உடம்பு சரியில்லை என்கிறார் ஒருவர், வீட்டில் தடை என்கிறார் இன்னொருவர். நடுவில் இது: "அம்மாடி, போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு எங்க வேணா போ."

மேலே என் மகன் பெயர். டேப் அவன் விட்டுப்போனது, அதில் இருப்பது அவன் கணக்கு. ஆனால் அவன் தமிழில் ஒரு வரி அடித்ததில்லை. சே.தான்! ஒற்றை விரலால் எவ்வளவு நேரம் தட்டினாரோ. யாரோ ஒரு பெண்ணிடம் இவ்வளவு சொல்ல வருகிறதே மனுஷனுக்கு. இந்த வீட்டில் யாரும் யாரிடமும் 'போறேன்' என்றுகூடச் சொல்வதில்லை. செருப்பு, கதவு, அவ்வளவுதான்.

கேட்கவில்லை. சிரிப்பு வந்தது.

9-10, வியாழன்
பொட்டு மேகம் இல்லை. செருப்பை மாட்டும்போது, சொல்லிப் பார்த்தால் என்ன ஆகும் என்று தோன்றியது.

"என்னங்க, போயிட்டு வரேன்."

குளியலறைக் கதவு திறந்தது. பாதி முகத்தில் நுரை, கையில் ரேசர். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வரேன்னு சொன்னேன்."

ரேசரை இறக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துட்டுப் போ" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "போயிட்டு வா."

ஒரு சொட்டு மழை இல்லை. பஸ் வரும்வரை குடையை மடக்கவில்லை.