ஒத்திகைக்குப் படுத்தவள்

பெலேஹுன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

என் அருமை மகள் பைந்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். கடிதத்தின் முதல் வரியில் எல்லோரும் எழுதுகிற சுகம் இல்லை இது, நிஜமான சுகம், காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, நேற்றுகூட கடைக்கு வைத்திருந்த அரிசியை வடித்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மாவுக்குப் பெரிய நோய், வண்டி வந்து தூக்கிப்போனது என்று ரோட்டர்டாம் வரைக்கும் செய்தி வந்திருக்கும், நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். தூக்கிப்போனது நிஜம், நோய் பொய். பதறிப்போய் டிக்கெட் எடுத்துவிடாதே, வந்தால் உன்னையும் கயிற்றுக்குள் போட்டுவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். கொள்ளை நோய் மறுபடி வந்தால் தயாராக இருக்கவேண்டும் என்று வெளிநாடுகள் கொடுத்த பணம் தலைநகர் ஃப்ரீடவுன் வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவமனைக்குப் பின்னால் தனி வார்டு கட்டினார்கள், புது வண்டி வந்தது, வெள்ளை அங்கிகள் வந்தன, தெருவுக்குத் தெரு காவல் குழு அமைத்து அவர்களுக்கு மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பணம் கொடுத்தவர்கள் பார்க்க ஒரு ஒத்திகை வைத்தார்கள். அதற்கு நோயாளி ஒருத்தி வேண்டும், எவளும் படுக்கமாட்டேன் என்றாள், நான் படுத்தேன். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பாய். கொள்ளை நோய் வந்த அந்த வருஷம் உன் அப்பா உள்ளே கிடந்து துடித்தபோது வண்டி வரும் வரும் என்று வாசலிலேயே நின்றேனே, வரவே இல்லையே. கூப்பிட்டதும் வண்டி வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட ஆசை, அவ்வளவுதான். லாரி ஸ்டாண்டில் சோறு விற்கிறவளுக்குக் குரலுக்கா பஞ்சம், நன்றாகவே கத்தினேன். வண்டி உடனே வந்துவிட்டது பைந்து. அதில் படுத்துக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டேன், பார்த்தவர்கள் அரண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் என்னை வீட்டில் இறக்கிவிட்டுத் தண்டோரா போடுகிறவரை அனுப்பினார்கள், அவர் தெருத்தெருவாகப் போய், "யாருக்கும் நோய் இல்ல, யாரும் பயப்படாதீங்க" என்று கத்தினார். போன தடவை நிஜமாகவே நோய் வந்தபோதும் முதலில் இதே வார்த்தையைத்தானே சொன்னார்கள், அதுவும் இதே மனுஷர். ஊர் சும்மா இருக்குமா? "இல்லேன்னு சொல்ல ஆள் அனுப்பிட்டாங்களா, அப்ப வந்தாச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். இருட்டுவதற்குள் நம் வீட்டைச் சுற்றிக் கயிறு. கட்டியவன் யார் தெரியுமா, உன் பின்னால் பைக்கில் சுற்றினானே லஹாய், அவன்தான் இப்போது நம் தெருக் காவல் குழுத் தலைவன். டேய், ஒத்திகையை நீயும்தானேடா நின்று வேடிக்கை பார்த்தாய் என்று கேட்டேன். "பாத்தேன் பெரியம்மா, ஆனா சந்தேகம் இருந்தா இருபத்தோரு நாள் உள்ள வைக்கணும்னு பயிற்சியில சொல்லிக்குடுத்தாங்க. எனக்கு சந்தேகமா இருக்கு" என்கிறான். மாவட்ட அதிகாரி வந்தார், அப்பாடா என்று நினைத்தேன், அவர் கயிற்றைப் படம் எடுத்துக்கொண்டு மக்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்று மெச்சிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சத்தம் போட்டால், நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் மூச்சு முட்டுகிறது மகளே.

வியாபாரம் போயிற்று. போனுக்கு சார்ஜ் போடும் கடைக்காரன் என் போனைத் தொடமாட்டேன் என்கிறான், மிச்சம் இருந்த கொஞ்சம் சார்ஜில் இன்று உன்னோடு பேசுவதற்காகப் போனை அணைத்து வைத்திருந்தேன். கயிற்றைத் தாண்டி வந்தவள் ஒருத்திதான், பக்கத்து வீட்டில் செம்பனை எண்ணெய் விற்கிறாளே கோனா, அவள். லஹாய் அந்தப் பக்கம் திரும்பினால் இவள் இந்தப் பக்கம் குனிந்து உள்ளே வந்துவிடுவாள், கையில் மரவள்ளி இலைக் குழம்பும் சோறும். "போ அக்கா, நீ செத்தா உன் பாத்திரமெல்லாம் எனக்குத்தான்" என்று சிரிக்க வைத்துவிட்டுப் போவாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. பின்ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் வீட்டு முற்றத்தில் பாயில் சுருண்டு கிடக்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது, ஈறில் ரத்தம். எலியால் வந்து ஆளுக்கு ஆள் ஒட்டுகிற அந்தக் காய்ச்சலை இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது. கூப்பிட்டேன். "வெறும் மலேரியாதான் அக்கா. வாயைத் தொறந்துடாதே, உனக்குச் செஞ்சதப் பாத்தேன்ல, எனக்கும் கயிறு கட்டிருவாங்க. அப்புறம் எவன் என்கிட்ட எண்ணெய் வாங்குவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் என்ன செய்வேன் சொல். சொன்னால் அவள் பிழைப்பு போகும், என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று ஊர் எனக்கும் புதிதாக நாள் எண்ண ஆரம்பிக்கும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். அன்று முழுக்க ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். விடிந்ததும் போனை எடுத்து, ஒத்திகையில் மனப்பாடமான, வண்டியைக் கூப்பிடும் எண்ணுக்கே அடித்தேன். சொல்லி முடிப்பதற்குள் போன் செத்துவிட்டது.

வண்டி வரவில்லை. லஹாயிடம் சொல்லி விசாரிக்க வைத்தேன், டீசல் எல்லாம் ஒத்திகையோடு தீர்ந்துவிட்டதாம், அடுத்த தவணைப் பணம் வந்தால்தான் உண்டாம். லஹாய்தான் என் கடையில் சாப்பிடுகிற லாரிக்காரர்களிடம் போய் ஆளுக்குக் கொஞ்சமாக டீசல் வாங்கி ஊற்றி, மறுநாள் மதியம் வண்டியைக் கொண்டுவந்தான். அவன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. வெள்ளை அங்கிக்காரர்கள் கோனாவைத் தூக்கினார்கள். அவள் என் ஜன்னலைப் பார்த்து, "நீ நடிச்சதுக்கு ஊரே ஒதுக்குனப்பவும் நான் உன்ன விட்டுப் போகலியே அக்கா. எனக்கு நெஜமா வந்ததும் புடிச்சுக் குடுத்துட்டியே" என்றாள்.

அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை. எனக்கு நேற்றிலிருந்து மறுபடி முதல் நாள், இந்தத் தடவை வாயே திறக்கவில்லை, அவள் தொட்ட தட்டில்தானே சாப்பிட்டேன், இந்தச் சந்தேகம் நியாயமானது. தாளை யாரும் கையில் வாங்கமாட்டார்கள், ஜன்னலில் ஒவ்வொரு பக்கமாக ஒட்டுகிறேன், லஹாய் தூர நின்று படம் எடுத்து அனுப்புவான். பதிலை அவன் போனுக்கே அனுப்பு, மரியாதையாக எழுது, சும்மா வம்பிழுக்காதே. பணம் அனுப்பாதே, இங்கே அதை வைத்து வாங்க எனக்கு வழியில்லை. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் வீட்டில் குறையில்லாமல் இருக்க, நீயும் மாப்பிள்ளையும் நீண்டு வாழ அம்மாவின் துஆ எப்போதும் உண்டு. நீ தொழும்போது கோனாவுக்காக முதலில் கேள், எனக்காகப் பிறகு. அவள் பிழைத்து வரட்டும். வந்து இந்த ஜன்னலைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு போகட்டும், ஆயுசு முழுக்க என்னோடு பேசாமலே இருக்கட்டும். அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா,
யேமா