பேச்சியம்மாளுக்கு அடுத்து மாடத்தி

ஐயா,

இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சாரல் தொடங்கிவிட்டது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்களாம். அந்தப் பக்கம் போனபோது ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது, அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் நான் அடிக்கிற வெள்ளைக்கும் இதே வாடைதான். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, உங்களிடம் படித்த மைதீனுடைய பேத்தி எழுதுகிறாள்.

மீசை சரியாக முளைக்காத வயதில் எங்கள் ஊருக்கு வாத்தியாராக வந்தீர்கள். அப்புறம் போகவே இல்லை. மாற்றல் வந்தபோதெல்லாம் ஊரே திரண்டு போய்த் தடுத்தது. பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலை எனக்கு. காலையில் நீங்கள் பேர் வாசிப்பது வெளியே நிற்கும் எனக்குக் கேட்கும். கேட்டுக் கேட்டே எல்லா வருஷத்து வரிசையும் மனதில் ஏறிவிட்டது. சாரல் காலத்தில் பாதிப் பிள்ளைகள் அருவிக்கரைக்குச் சீயக்காய்ப் பொட்டலம் விற்கப் போய்விடும். கூட்டிவர என்னை அனுப்புவீர்கள். "பேரு முழுசா ஆகாம எனக்குச் சோறு எறங்காது சுடலை" என்பீர்கள். சில நாள் நீங்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட வருவீர்கள். "வாத்தியார் வருதாரு, பிள்ளையள ஒளிச்சு வையுங்க அண்ணாச்சி" என்று, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பழக்கடைக்காரருக்குச் சத்தம் கொடுப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள்.

என் மகள் பேச்சியம்மாளும் உங்கள் வரிசையில் இருந்தாள். செல்லக்கனிக்கு அடுத்து அவள், அவளுக்கு அடுத்து மாடத்தி. மூன்றாம் வகுப்பில் காய்ச்சல் கண்டு, வகுப்பிலேயே சாய்ந்துவிட்டாள். சைக்கிள் முன்கம்பியில் அவளை அணைத்துக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு மிதித்தீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன். மேலகரம் தாண்டி ஓரிடத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நின்றீர்கள். நானும் ஓடுவதை நிறுத்தினேன்.

அவள் இல்லாமல் மறுபடி பள்ளிக்கூடம் கூடிய அன்று பழக்கத்தில் அவள் பேரையும் கூப்பிட்டுவிட்டீர்கள். பிறகு மாடத்தி என்றீர்கள். அந்த வருஷம் முடியும்வரை, செல்லக்கனிக்கும் மாடத்திக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவீர்கள். வெளியே நிற்கும் எனக்கு அது போதும்.

போன வருஷம் உங்களுக்கு எல்லாம் மறந்துபோனது. மகளையே யார் என்று கேட்டீர்கள். எத்தனையோ வருஷத்து வரிசைகளில் என் மகள் இருந்த அந்த ஒன்றுதான் உங்களிடம் மிஞ்சியது. விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேர் வாசிப்பீர்கள். பதில் வராவிட்டால் சாப்பாட்டைத் தள்ளிவிடுவீர்கள். உங்கள் மகள் என்னை அழைத்தாள். சுவரோரம் நின்று எல்லோருக்குமாக "உள்ளேன் ஐயா" சொன்னேன். அந்தோணிக்குக் கட்டைக் குரல், ஆயிஷாவுக்குக் கீச்சுக் குரல். "ஏலே அந்தோணி, காலையில எதும் திங்கலையா, குரலே வரல" என்று அதட்டினீர்கள். அடுக்களையில் உங்கள் மகள் சிரித்தாள்.

அப்புறம் பேச்சியம்மாள் என்றீர்கள்.

நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். அந்த மூச்சையும் மறந்திருந்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. மாடத்திக்குப் போகாமல் அதே பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். இட்லி ஆறிப்போனது. அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்ததான மாமா, சொல்லிருங்களேன்."

"அது அவ சொல்ல வேண்டியது தாயி" என்றேன்.

அதற்கடுத்த நாள் லீவு ஐயா என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன லீவு? சுடலை, நீ போயி அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா."

வெளியே போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஐயா. சாரல் முகத்தில் அடித்தது. எங்கே போய்க் கூட்டிவருவேன்? உள்ளே உங்கள் குரல் மெலிந்துகொண்டே வந்தது, ஆனாலும் விடவில்லை. திரும்பி வந்து, சுவரோரம் நிற்காமல் உங்கள் எதிரில் நின்றேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவிருந்தது.

"உள்ளேன் ஐயா."

வெகுநேரம் பார்த்தீர்கள். "ஏட்டி, எங்க போயிருந்த இத்தன நாளா?" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "சரி, உக்காரு."

தரையில் உட்கார்ந்தேன். மாடத்தி என்றீர்கள். அன்றைக்குச் சாப்பிட்டீர்கள்.

அந்தச் சாரல் முழுக்க என் மகள் ஒருநாள் தவறாமல் பள்ளிக்கூடம் வந்தாள். ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லோரும் வாத்தியாரை நினைத்து அழுதார்கள். நான் அதற்கு மட்டும் அழவில்லை.

பேச்சியம்மாளைப் பெற்றவளும் இப்போது இல்லை. அந்தப் பேர் இனி யார் வாயிலும் வராது. காலையில் பள்ளிக்கூட மணி அடித்தால் அந்தப் பதில் என் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது, ஐயா. கூப்பிடத்தான் ஆளில்லை.