எந்தக் கை என்று எழுது

இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
18.5.1979

என் அன்பான மகள் யோசப்பினுக்கு,

இந்தச் சாமத்தில் இருந்து எழுதுவதற்குக் குறை நினைக்காதே பிள்ளை. பகலில் எழுத இருந்தால் உன் தம்பி பேனையைப் பறிக்கிறான், பள்ளிக்கூடத்துக் கொப்பிகள் திருத்தாமல் ஒரு பக்கம் கிடக்கின்றன, அவனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வேறு, இப்போதுதான் என் தோளில் கிடந்து அயர்ந்தான். எழுத்து வளைந்து நெளிந்து போனால் நித்திரைக் கலக்கம் என்று நினைத்துக்கொள், வேறொன்றும் இல்லை. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிர்தேசத்தில் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதித்தான் பழக்கம், ஆனால் சுகமில்லை என்று நீயே எழுதின பிறகு அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரமும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உன் கடிதமும் நீ பியானோ வாசித்துப் பதிந்த கசற்றும் இசைத்தாள்களின் பிரதியும் ஒரே உறையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. உறை ஒரு மூலையில் கிழிந்திருந்தது, கசற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை நோகிறது என்று எழுதியிருக்கிறாய். காலையில் எழும்பினால் கதவுப் பிடியைத் திருப்ப ஏலாமல் இருக்கிறது, துணியால் கட்டி நீளக் கைச்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகிறேன், ரீச்சருக்குச் சொன்னால் பரீட்சையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார், பரீட்சையில் வாசிக்கிற என் இடத்தை வேறு பெட்டைக்குக் கொடுத்துவிடுவார்கள், வாசிக்கவா விடவா அம்மா என்று கேட்டிருக்கிறாய். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன் மகள். குசினிக்குள் நின்று அழுதுகொண்டிருந்தேன், வந்து பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார், புகை என்று சொன்னேன், "அடுப்பு இன்னும் மூட்டேல்லை, புகை எங்காலை வந்தது" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் எப்படி மறைக்கிறது. கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். வாசித்துவிட்டு சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்து, அந்தோனியார் திருநாளுக்கு ஒரு வெள்ளிக்கை வைப்பதாக நேர்ந்துவிட்டேன், பிள்ளைக்குச் சுகம் வரும், நீர் அழாதையும் என்றார்.

அடுத்த நாள் வலைக்குப் போகாமல் சைக்கிளில் வேலணைக்குப் போய் நகை செய்கிற தம்பிஐயாவிடம் சொல்லியிருக்கிறார். தம்பிஐயா தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வலமோ இடமோ அண்ணை என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு வாய் எழும்பேல்லை மாக்கிறேற். என்ரை பிள்ளையின்ரை எந்தக் கை நோகுது எண்டு எனக்குத் தெரியாது எண்டு அந்தாளுக்கு எப்பிடிச் சொல்லுறது. வலம் எண்டு சொல்லிப்போட்டன்." கயிறு இழுக்கிறவர்களுக்கு முதலில் போவது வலக்கைதானே, அந்த நினைப்பு அவருக்கு. எனக்கு அந்த நேரம்தான் தலையில் அடித்ததுபோல் இருந்தது. உன் கடிதத்தை எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தேன். கை என்றுதான் எழுதியிருக்கிறாய், எந்தக் கை என்று ஓரிடத்திலும் இல்லை. எனக்கு மனதில் இடக்கைதான் படுகிறது. சின்னதிலேயே உன் வலக்கை பாட்டைப் பாடிக்கொண்டு போகும், இடக்கைதான் கீழே கிடந்து மாயும். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு முகம் விழுந்துபோனது. வெள்ளிக்கையை அவர் அன்றே செய்வித்துக் கொண்டுவந்தாயிற்று, அழகான வேலை, உள்ளங்கை அளவுகூட இல்லை. அப்போது அருளப்புப் பெரியப்பா வந்திருந்தார். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்கேன் அடிபடுறியள், திருப்பி வைச்சால் இடக்கை என்றார். ஆனால் தம்பிஐயா விரல்களுக்கு நகமும் செதுக்கி வைத்திருக்கிறார், எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வலக்கைதான். பெரியப்பா விடவில்லை, அந்தோனியாருக்குத் தெரியாதோ எந்தக் கை எண்டு, அவர் என்ன தம்பிஐயாவோ கேட்டுக்கொண்டிருக்க என்றார். அப்பா சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரியும் அண்ணை. எங்களுக்குத் தெரியேல்லை எண்டதுதான் வெக்கம்" என்றார். கை இப்போது பஞ்சில் சுற்றி அலுமாரியில் இருக்கிறது. இன்னொன்று செய்து இரண்டையும் வைப்போம் என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. நல்லாய் இருக்கிற கைக்கும் சேர்த்து நேர்த்தி வைத்தால் அதற்கும் வருத்தத்தைக் கூப்பிடுகிற மாதிரி எனக்குப் பயமாக இருக்கிறது. படித்தவள் இப்படிப் பேசுகிறாள் என்று சிரிப்பாய், சிரி.

கசற்றைக் கேட்டால் எந்தக் கை என்று பிடிபடும் என்று சொல்லி அன்று பின்னேரமே விறாந்தையில் ரேப் ரெக்கோடரை வைத்தோம். பெரியப்பா அண்ணாவியார் அல்லவா, கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு, கூத்துப் பழக்குகிறவர் மாதிரி இருந்தார். உன் இசையின் கதையை நான் அவருக்கு முதலே சொல்லியிருந்தேன், ஒரு ஆலைக்காரனின் மகளுக்குக் கலியாணம், ஊர் எல்லாம் வந்து ஆடுது, நடுவில் புயல் வருது, இது மேடையில் ஆடுகிறதுக்கென்று பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதினது, அதைத்தான் பிள்ளை வாசிக்கிறாள் என்று. நீ வாசிக்கத் தொடங்கினாய். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு பெரியப்பா வாசல் பக்கம் பார்க்கிறார், பிறகு ரெக்கோடரைப் பார்க்கிறார், "மற்ற ஆக்கள் எப்ப வருவினம்" என்று கேட்டார். மற்ற ஆட்கள் இல்லை, அவள் தனியத்தான் என்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். போன வருடம் திருநாள் கூத்துக்கு மிருதங்கக்காரரும் பிற்பாட்டுக்காரரும் கோபித்துக்கொண்டு வராமல் விட்டது உனக்கு எழுதினேன்தானே. அங்கேயும் அப்படி நடந்துவிட்டது, வாத்தியக்காரர் எல்லாரும் கையைக் கழுவிவிட, பாவம் எங்கள் பிள்ளை ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். "எல்லாற்றை வேலையையும் ஒரு பெட்டையைக் கொண்டு செய்விச்சால் கை நோகாமல் என்ன செய்யும். அந்த ரீச்சருக்கு நான் சொன்னனான் எண்டு ஒரு கடிதம் போடு" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். இல்லை, வேண்டுமென்றே ஒருவர் வாசிக்கிறதுக்கென்றுதான் அதைச் சுருக்கி எழுதியிருக்கிறது, இது அங்கே பெரிய திறமை என்று சொல்லி விளங்கப்படுத்தப் பட்ட பாடு. அரைமனதோடு, "அப்ப ஆடுற ஆக்களாவது வருவினமோ" என்று கேட்டார். அவர்களும் இல்லை என்றதும், அட கோதாரி என்றார்.

புயல் வருகிற இடத்தில் அப்பா எழும்பிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், வள்ளம் கட்டினது சரியோ என்று ஒருக்கால் பார்த்துவிட்டு வாறன் என்றார். வெளியில் காற்றே இல்லை. அதை அவர் பகிடிக்குச் சொன்னாரோ உண்மையாகத்தான் போனாரோ இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் போனவர் கன நேரம் வரவில்லை. நீ வாசித்தது அவ்வளவு நல்லாக இருந்தது மகள், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், பயத்தில் பின்னுக்குப் போய்விட்டது. எந்தக் கை என்று மட்டும் பிடிபடவில்லை. நோவோடு வாசிக்கிற ஆளின் சத்தம் என்று ஒரு இடமும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். சனிக்கிழமை தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, நீ அனுப்பின தாள்களோடு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனேன். நீ பழகின அதே பியானோதான், உப்புக்காற்றுக்கு இரண்டு மூன்று கட்டைகள் அமத்தினால் எழும்புவதில்லை. புயல் பக்கத்தை வைத்து மெதுவாக வாசித்துப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது உன்னை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று. வயலின்காரர் வில்லை இழுத்தால் சத்தம் நிற்கும், எங்கள் கோயில் ஆர்மோனியத்திலும் காற்று இருக்குமட்டும் நிற்கும், பியானோவில் அடித்த உடனே சாகத் தொடங்குகிறது. அதைச் சாகவிடக் கூடாது என்று, இரண்டு சுரத்தையும் மாறி மாறி நடுங்க விடச் சொல்லி எழுதியிருக்கிறது, அதுவும் பக்கம் பக்கமாக. ஒரு பக்கம் இடக்கை நடுங்குகிறது, தாளைத் திருப்பினால் வலக்கை. எந்தக் கை என்று பார்க்கப் போனவளுக்கு இரண்டு கையும் என்று பதில் வந்தது. எத்தனையோ பேர் வில்லோடு செய்த வேலையை உன் ஒரு மணிக்கட்டு செய்கிறது. வீட்டுக்கு வந்து தம்பியைத் தூக்கப் போனேன், தூக்க ஏலவில்லை, கை விட்டுப்போனது, அப்பாதான் எடுத்து என் மடியில் வைத்தார். ஒரு பின்னேரம் வாசித்த எனக்கே இப்படி. நீ தினமும் அதைச் செய்துவிட்டு, குளிருக்குள் கட்டுத்துணியோடு தனியாகப் படுக்கிறாய் என்று நினைத்தபோது தாங்க ஏலவில்லை.

நினைவிருக்கிறதா பிள்ளை, கோயிலில் நீ முதல் முதல் ஆர்மோனியம் வாசித்தபோது உன் கால் மிதிக்கு எட்டாது. நான் கீழே குந்தியிருந்து கையால் மிதியை அமத்துவேன், நீ மேலே வாசிப்பாய், பூசைக்கு வந்தவர்களுக்கு நான் இருப்பது தெரியாது. அங்கே உனக்குக் காற்றுப் போட ஆளில்லை, அதுதான் எனக்கு மனவருத்தம்.

வாசிக்கவா விடவா என்று கேட்டாய். முதலில் உன் ரீச்சரிடம் போ. கட்டை அவிழ்த்துவிட்டு வெறும் கையைக் காட்டு. கதவுப் பிடியைத் திருப்ப ஏலாது என்று எனக்கு எழுதினதை அவருக்கும் சொல்லு. வைத்தியரிடமும் போய்க் காட்டு. ஓய்வு எடு என்றால் எடு. இந்த வருடம் போனால் போகட்டும், வேறு பெட்டை வாசித்தால் வாசிக்கட்டும், அவளும் ஒரு தாயின் பிள்ளைதானே. இடம் போனால் திரும்ப வரும், கை போனால் நான் எங்கே போய் வாங்குவேன். ஊருக்குப் போ என்று அவர்கள் சொன்னாலும் வா, இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்டால் அப்பா பார்த்துக்கொள்வார். வாசிக்கலாம் என்று வைத்தியரும் ரீச்சரும் சொன்னால், நான் அந்த மண்டபத்தில் கண்டதை ரீச்சரிடம் கேட்டுப் பார். கை களைத்த பிறகு நான் நடுங்க விடுவதை விட்டுவிட்டு, அந்தச் சுரத்தை ஒருமுறை மட்டும் நல்லாக அடித்துவிட்டு, சாகட்டும் என்று விட்டுப் பார்த்தேன். மற்றக் கையில் பாட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அடித்த சத்தம் போனது எனக்குத் தெரியவே இல்லை, புயல் என் காதுக்குள் நின்றுகொண்டுதான் இருந்தது. இது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, நான் கல்லூரியில் படித்தபோது புத்தகத்தில் ஒரு படம் பார்த்ததைத் தவிர பலே என்கிற அந்த மேடை நாட்டியத்தைக் கண்டவளும் இல்லை. ஆனால் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர், "நான் தனியப் பாடேக்கை ராசாவுக்கு முழுசாய்ப் பாடுவன், மந்திரிக்குக் குறைச்சுத்தான் பாடுவன், ஆர் வந்து எண்ணிப் பாக்கப் போறான்" என்றார். எண்ணிப் பார்க்கிறவர்கள் அங்கே இருப்பார்கள், எனக்குத் தெரியும். எண்ணட்டும். அத்தனை பேர் செய்ததை ஒருத்தி செய்யும்போது ஏதும் குறைந்தால் அது உன் குறை இல்லை.

கையை வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, பாணும் தேத்தண்ணியும் சாப்பாடு இல்லை. பாரமான பைகளைத் தூக்காதே. தம்பி உன் கசற்றைப் போட்டால் அழுகையை நிற்பாட்டுகிறான், புயல் வந்தால் திரும்பவும் தொடங்குகிறான், அதனால் கலியாணம் மட்டும்தான் அவனுக்குப் போடுகிறோம். ஒவ்வொரு இரவும் செபமாலையில் ஒரு பத்துமணிக் காரணிக்கம் உன் கைக்கென்று சொல்கிறோம், அப்பா அந்த இடம் வரும்போது எந்தக் கை என்று சொல்லாமல் பிள்ளையின் கை என்று மட்டும் சொல்கிறார், சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிகிறது. மாதாவும் அந்தோனியாரும் உன்னைக் காவல் பண்ணட்டும். படுக்கும்போது நெற்றியில் சிலுவை போட மறக்காதே, எந்தக் கை நோகாமல் இருக்கிறதோ அந்தக் கையால் போடு, ஆண்டவர் குறை சொல்ல மாட்டார்.

திருநாள் அடுத்த மாதம் பதின்மூன்றாம் திகதி. அதற்கு முன் உன் பதில் இங்கே வர வேண்டும். நீளமாக எழுத வேண்டாம், கையை அலுப்பாக்காதே. எந்தக் கை என்று மட்டும் எழுதி, கண்டவுடன் தபாலில் போடு மகள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
எ. மாக்கிறேற்